குளத்துக்குப் பக்கத்துத் தோட்டம்

பெரியப்பா புனித நாட்டுப் பயணம் போய்வந்ததிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. பணத் தகராறு இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. சீலோவாம் குளம் எது என்பதுதான் வழக்கு. அவர் வீட்டில் பழைய வேதாகமப் படப் புத்தகம் ஒன்று உண்டு. அட்டை எப்போதோ போய்விட்டது, தாளெல்லாம் பழுத்துவிட்டது, படங்கள் மட்டும் இன்னும் தெளிவு. அதில் சீலோவாம் குளம் என்று ஒரு போட்டோ. குறுகலான, ஆழமான கல் தொட்டி. ஒரு பக்கச் சுவரோரம் உடைந்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன, அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்த குளம் அதுதான். இயேசு சொன்னபடி பிறவிக்குருடன் போய்க் கண்ணைக் கழுவியது அந்தத் தொட்டியில்தான். எருசலேமில் கைடு கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்திலோ தூணும் இல்லை, தொட்டியும் இல்லை. அகலமான கல் படித்துறை மட்டும் இருந்திருக்கிறது. "ஏமாத்திட்டாம்ல கைடு. நேரமாச்சுன்னு வேற எங்கயோ ஒரு படிக்கட்டக் காட்டி பஸ்ல ஏத்திட்டான். குளம் இந்தா இருக்கு, நீயே பாரு" என்று புத்தகத்தை என் முன்னால் போட்டார்.

அவர் சுலபமாக எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயலில் எல்லைக் கல் ஓரடி நகர்ந்திருந்தால் வரப்பில் நடந்து வரும்போதே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், கண்ணால் பார்த்த இடத்தை நம்பாமல் ஒரு பழைய போட்டோவை நம்பினார். அதுதான் எனக்கு உறுத்தியது. அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அப்போதே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. "போட்டோ பொய் சொல்லுமால?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால்தான் அது என்னை விடவில்லை.

நானும் பல வருடமாகப் பழைய பாலஸ்தீனப் படங்களைச் சேர்த்து வைக்கிற ஆள். அவற்றின் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு தவக்காலத்திலும் சுற்றிவரும் படங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 'இயேசு நடந்த தெரு, அப்படியே இருக்கிறது', 'ஆபிரகாம் காலத்து மேய்ப்பன்' என்ற வரிகளோடு வருகிற படங்கள். எடுத்தது 1880-ஆக இருக்கும், 1910-ஆகவும் இருக்கலாம். அந்த மேய்ப்பனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அப்போது அங்கே ஆண்ட துருக்கியின் ஒட்டோமான் அரசுக்கு அவன் வரி கட்டியிருப்பான்.

ஆளில்லாத ஊர்

இந்தப் படங்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எருசலேமைக் கேமரா பிடித்தது மிகச் சீக்கிரம். 1844-லேயே ஜிரோ தே பிராஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே டாகெரோடைப் என்ற வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் படமெடுத்தார். 1854-ல் ஓகுஸ்த் சால்ஸ்மான் காகித நெகட்டிவ்களோடு வந்து கோட்டைச் சுவர்களின் கற்களைக் கிட்டத்தில் எடுத்தார். அவருக்குப் பின்னால் பிரான்சிஸ் ஃபிரித் வந்தார். 1867-ல் பெலிக்ஸ் போன்ஃபீஸ் பெய்ரூட்டில் ஸ்டுடியோவே திறந்துவிட்டார். அவருடைய மனைவி லிடியும் படமெடுத்தவர். ஐரோப்பாவிலிருந்து வருகிற யாத்திரிகன் ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொண்டு போவதற்கென்றே ஆல்பங்கள் தயாராயின. அந்தக் காலத்துத் தகட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் இருப்பது சுவரும் மலையும்தான். நடந்து போகிற மனிதன் புகையாகக் கலைந்துவிடுவான், சில சமயம் பதியவே மாட்டான். அதனால் சந்தை கூடுகிற தெருவும் வெறிச்சோடிப்போன தெருவாகவே பதிந்தது. பார்க்கிறவனுக்கு 'இரண்டாயிரம் வருடமாக இந்த ஊர் யாருக்கோ காத்துக்கொண்டிருக்கிறது' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்கள் வருகிற படங்களில் சிக்கல் வேறு விதம். எருசலேமில் அமெரிக்கன் காலனி என்று ஒரு கூட்டுக் குடும்பம் போன்ற கிறிஸ்தவக் குழு இருந்தது. கப்பல் விபத்தில் நான்கு மகள்களைப் பறிகொடுத்த ஸ்பாஃபோர்ட் தம்பதி 1881-ல் சிகாகோவிலிருந்து வந்து தொடங்கியது அது. 1898-ல் ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் எருசலேமுக்கு வந்தபோது அந்த வருகையைப் படமெடுத்து விற்றார்கள். அங்கே புகைப்படத் தொழிலைத் தொடங்கிவைத்த எலைஜா மேயர்ஸ் இந்தியாவிலிருந்து போனவர், யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். பிறகு லூயிஸ் லார்சன், எரிக் மாட்சன் என்று கைமாறி, கடைசியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்ந்தன. இப்போது யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம். என் சேமிப்பில் பாதி அங்கிருந்து எடுத்ததுதான்.

அந்தக் குவியலில், வேதாகமத்தில் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை ஆள் வைத்து, உடை உடுத்தி, வயலில் நடிக்கவிட்டு எடுத்த வரிசை இருக்கிறது. மேய்ப்பனையும் ஆடுகளையும் வைத்து 23-ஆம் சங்கீதத்துக்கு வரிக்கு வரி எடுத்த வரிசையும் இருக்கிறது. கையால் வண்ணம் தீட்டிக் கண்ணாடி ஸ்லைடாக விற்றார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. நாடகம் என்று தெரிந்தால் நாடகமாகப் பார்க்கலாம். ஆனால் அதே குவியலில் நாடகமில்லாத அறுவடைப் படங்களும் உண்டு. ஒரு கிராமத்துப் பெண் உண்மையாகவே கதிர் அறுக்கிறாள், களத்தில் மாடுகள் உண்மையாகவே போரடிக்கின்றன. பிரதியெடுத்துப் பிரதியெடுத்து இரண்டும் கலந்த பிறகு எது நடிப்பு, எது பிழைப்பு என்று பார்க்கிறவனுக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண்ணும் ரூத் ஆகிவிடுகிறாள். யோப்பா (யாஃபா) துறைமுகத்திலிருந்து எருசலேமுக்கு 1892-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, யோப்பாவின் ஆரஞ்சு கப்பலேறி லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் வந்து இறங்கிய போட்டோக்காரர் ஒட்டகத்தைத் தேடிப்போய் எடுத்தார். வாங்குகிறவன் கேட்டது அதைத்தான்.

எருசலேமிலேயே வாழ்ந்த போட்டோக்காரர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் அநியாயம். அர்மேனிய மடத்தில் யேசாயி கரபேதியான், பின்னாளில் அவர்களுடைய பிதாப்பிதாவாக, அதாவது தலைமைப் பேராயராக ஆனவர், இளைஞர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார். அங்கே பழகிய கராபெட் கிரிகோரியான் யாஃபா சாலையில் ஸ்டுடியோ வைத்தார். அவரிடம் பழகிய கலீல் ராத் அதே சாலையில் போட்டிக் கடை போட்டார். இவர்களும் யாத்திரிகர்களுக்கு வேண்டிய படங்களை எடுத்தவர்கள்தான். ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் நல்ல உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்க்கிற படங்களையும் எடுத்தார்கள். அந்தப் படங்கள் எதுவும் வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

இடிக்கப்பட்ட மணிக்கூண்டு

படம் வெறும் படமாக நின்றிருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். எருசலேமின் யாஃபா வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களுக்கு வருடம் கண்டுபிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வாசலை ஒட்டிய மதில் முழுசாக இருந்து, பக்கத்தில் அகழியும் தெரிந்தால், படம் 1898-க்கு முந்தியது. சக்கரவர்த்தியின் பவனி உள்ளே நுழைவதற்காக அந்த வருடம்தான் அகழியைத் தூர்த்து மதிலைத் திறந்தார்கள். வாசலின் மேல் உயரமான மணிக்கூண்டு ஒன்று நின்றால், படம் 1907-க்குப் பிந்தியது, 1922 வாக்குக்கு முந்தியது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டமேறிய வெள்ளிவிழாவை ஒட்டி ஒட்டோமான் ஊர்களிலெல்லாம் மணிக்கூண்டுகள் எழும்பின. எருசலேமுக்கும் ஒன்று கிடைத்தது. அலங்காரமான, கொஞ்சம் ஆடம்பரமான கட்டடம். எனக்குப் பிடிக்கும்.

பிரிட்டிஷ் படை 1917 டிசம்பரில் ஊருக்குள் வந்தது. அவர்களுக்கு அந்தக் கூண்டு பிடிக்கவில்லை. பழைய மதிலுக்குப் பொருந்தாத அசிங்கம் என்று இறக்கிவிட்டார்கள். கவர்னர் ரொனால்ட் ஸ்டோர்ஸ் காலத்தில்தான் மதிலுக்குள் தகரக் கூரைக்கும் காரைப் பூச்சுக்கும் தடை வந்தது, கல்லால்தான் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. ஊரைக் காப்பாற்றிய விதி என்று அதைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆல்பங்களிலும் வேதாகமப் படப் புத்தகங்களிலும் பார்த்துப் பழகிய எருசலேம் ஒன்று அந்த அதிகாரிகளின் மனசில் முன்கூட்டியே இருந்தது. நேரில் வந்து பார்த்தால் ஊர் அதைப்போல இல்லை. ஊர்க்காரர்கள் நேரம் பார்த்துக்கொண்டிருந்த கடிகாரம் அந்தப் படத்தில் இல்லை. ஆகவே கடிகாரத்தைக் கழற்றினார்கள். பெரியப்பா கைடைக் கோபித்துக்கொண்டதோடு விட்டார். அவர் கையில் அதிகாரம் இல்லை.

கோணல் வரைபடங்கள்

வரைபடத்துக்கு வருகிறேன். பழைய வேதாகம வரைபடங்கள் தப்புக்குப் பேர் போனவை. வரைபடத்தோடு அச்சான முதல் வேதாகமம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1525-ல் சூரிக் நகரத்தில் ஃப்ரோஷவர் அச்சிட்ட பழைய ஏற்பாடு. அதில் வந்த கானான் தேசப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி அச்சாகிவிட்டது. மத்தியதரைக் கடல் கானானுக்குக் கிழக்கே கிடக்கிறது! அப்படியே விற்பனைக்கும் போயிற்று. 1581-ல் ஹைன்ரிக் பூண்டிங் என்ற ஜெர்மானியப் போதகர் உலகத்தையே மூன்று இதழ் கொண்ட ஒரு இலையாக வரைந்தார். ஐரோப்பா ஓர் இதழ், ஆசியா ஓர் இதழ், ஆப்பிரிக்கா ஓர் இதழ், நடுவில் எருசலேம். இதை எடுத்துக்கொண்டு யாரும் வழி கேட்டுப் போக மாட்டார்கள். வரைந்தவருக்கும் அது தெரியும்.

எனக்குப் பிரியமான வரைபடம் இவற்றுக்கெல்லாம் ஆயிரம் வருடம் மூத்தது. யோர்தான் நாட்டில், மோவாப் மேட்டுநிலத்தில், மதாபா என்று ஓர் ஊர். அங்கே புனித ஜார்ஜ் ஆலயத்தின் தரையில் கிடக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் சின்னச் சின்னக் கலர்க் கற்களைப் பதித்துச் செய்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேரக் என்ற ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், இடிபாடுகளின் மேல் புதிய கோயில் கட்டுகிறபோது இது வெளிவந்தது. 1897-ல் உலகம் அறிந்தது. அதற்குள் கணிசமான பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் கிரேக்க எழுத்தில் 150 வாக்கில் இடப்பெயர்கள். கிழக்கு மேலே இருக்கிறது, அதாவது ஆலயத்துக்குள் நிற்கிறவன் பலிபீடத்தைப் பார்த்து நின்றால் வரைபடமும் அதே திசையில் அமையும். யோர்தான் ஆற்றில் ஒரு மீன் சவக்கடலை நோக்கி நீந்துகிறது. இன்னொரு மீன், உப்புத் தண்ணீர் தாங்காமல், வந்த வழியே திரும்புகிறது. கடலில் படகுகள் நிற்கின்றன. படகோட்டிகளின் முகங்களை மட்டும், உருவம் கூடாது என்ற காலத்தில் யாரோ பெயர்த்துவிட்டு வேறு கற்களை இறைத்திருக்கிறார்கள்.

நடுவில் எருசலேம், முட்டை வடிவத்தில், அளவுக்கு மீறிப் பெரிதாக. வடக்கு வாசலுக்குள் ஒரு வெட்டவெளி, அதில் ஒற்றைத் தூண். அங்கிருந்து ஊரின் குறுக்கே இரண்டு பக்கமும் தூண் வரிசையோடு ஒரு பெருந்தெரு. தெருவின் நடுவே கல்லறைத் திருக்கோயில் தலைகீழாகக் கிடக்கிறது. தூண் வரிசையை மல்லாத்திப் போட்டு வரைந்தவர் கோயிலையும் அதோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். தெருவின் தென்கோடியில் இன்னொரு பெரிய கோயில். அது ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கட்டி 543-ல் பிரதிஷ்டை செய்த நேயா என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், ஆனால் எருசலேம் மண்ணில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி தடயம் எதுவும் இல்லை. 1970-களில் நாஹ்மான் அவிகாட் பழைய நகரத்தின் யூதர் பகுதியில் தோண்டியபோது அந்தத் தெருவும் கிடைத்தது, அந்தக் கோயிலின் அடித்தளமும் கிடைத்தது. ஜஸ்டினியன் பெயர் பொறித்த கல்வெட்டோடு. தலைகீழாக வரைந்தவர் இடத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தார்.

கலர்க் கல்லைத் தேர்ந்தெடுத்தவன் ஒருவன் இருக்கிறான், ஊரைப் பெரிதாக்கியவன் அவன், மீனைத் திருப்பியவன் அவன் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அதனால் அவனோடு நாம் வாதாடலாம். போட்டோவோடு அப்படி வாதாட எவருக்கும் தோன்றுவதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பெரியப்பாவிடம் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

சர்வேயர் மேசையில்

19-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு பாதைக்கும் நடுவே மூன்றாவது ஒன்று வந்தது. 1838-ல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேத அறிஞர், அரபி நன்றாகத் தெரிந்த மிஷனரி ஈலை ஸ்மித்தைக் கூட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். மடங்களில் சொல்லும் கதைகளை அவர் நம்பவில்லை. வயலில் நின்றவனிடம் ஊர்ப்பெயர் கேட்டார். அனாட்டா என்றால் எரேமியாவின் ஆனதோத், ஜீப் என்றால் கிபியோன், பெய்தீன் என்றால் பெத்தேல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். ஜீப் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதற்கு 1950-களில் தோண்டியபோது கிபியோன் பெயர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகளே சாட்சியாக வந்தன. 1865-ல் லண்டனில் பாலஸ்தீன ஆய்வு நிதியம் தொடங்கியது. 1871 முதல் 1877 வரை கோண்டரும், பின்னாளில் பெரிய ராணுவத் தளபதியான கிட்சனரும் ஓரங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் நாட்டை அளந்து 26 தாள்களில் வரைந்தார்கள். ரம்லா பக்கம் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போகிற வேலை. இந்தியாவை அளக்க 1802-ல் பரங்கிமலை பக்கம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் தொடங்கிய அதே முறைதான். இதைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். லாம்ப்டன் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

அந்த நிதியம் 1894 முதல் 1897 வரை சீலோவாம் பக்கம் தோண்டவும் செய்தது. தோண்டியவர் பிளிஸ், வரைந்தவர் டிக்கி என்ற கட்டடக்கலைஞர். மேலே நிலம் அடுத்தவனுடையது என்பதால் குழி இறக்கி, சுரங்கம் போட்டு, அடியிலேயே நகர்ந்தார்கள். அந்த வேலையின் வரைபடம் ஒன்றைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுப் பெரியப்பாவின் மேசையில் விரித்தேன். பக்கத்தில் அவருடைய புத்தகத்தையும் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியை மாற்றினார். முதலில் வடக்கு எங்கே என்று பார்த்தார், பிறகு ஸ்கேல் எங்கே என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் படத்துக்குள்ளேயே போனார். எசேக்கியா ராஜா ஊருக்குள் தண்ணீர் கொண்டுவர வெட்டிய சுரங்கம் எங்கே முடிகிறது என்று விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். அது முடிகிற இடத்தில் அவருடைய தொட்டி, தூண்களோடு. "இந்தா இருக்குல்லா" என்றார் வெற்றியாக. விரல் அங்கேயே நிற்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்கிற பழக்கம் போகுமா? தெற்கே இறங்கியது. கொஞ்ச தூரத்தில், பள்ளத்தாக்கின் வாயில், பெரிய கரை ஒன்றுக்கு உட்புறம், தொட்டியைவிடப் பல மடங்கு பெரிய ஒரு கட்டம்.

"இது என்னல?"

"பிர்கெட் எல்-ஹம்ரா பெரியப்பா. பழைய குளம்னு போட்டிருக்கான்."

"தண்ணி கெடந்துச்சா அப்போ?"

"இல்ல. தூந்துபோய் தோட்டமா கெடந்திருக்கு. மரமெல்லாம் வச்சு."

அவர் சிரித்துவிட்டார். "குளத்துக்குள்ள தோட்டம் போட்டிருக்கானுவோ! எல்லா ஊருலயும் இதே சோலிதான்." ஆக்கிரமிப்புக் குளங்களை அளந்து அளந்தே பாதி உத்தியோகம் பார்த்தவர் அவர். கரை இருந்து, வாய்க்கால் வந்து சேர்ந்து, நடுவில் மட்டும் தோப்பு நின்றால் அது என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் படத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ போட்டோ எடுத்தவன் ஏம்ல இந்தப் பக்கம் திரும்பல?" என்று கேட்டார்.

2004-ல் நடந்ததை அப்போது சொன்னேன். நகராட்சி அங்கே சாக்கடைக் குழாயை மாற்றத் தோண்டியபோது கல் படிகள் தென்பட்டன. ஏலி ஷுக்ரோனும் ரோனி ரைக்கும் தோண்டிப் பார்த்தார்கள். ஐந்து படி, பிறகு அகலமான தளம், மறுபடி ஐந்து படி, மறுபடி தளம் என்று இறங்குகிறது. ஒரு பக்கம் மட்டுமே ஏறக்குறைய 70 மீட்டர். சாந்துக்குள் அகப்பட்ட காசுகளில் இயேசுவுக்கு முந்தைய நூற்றாண்டில் ஆண்ட யூத அரசர் அலெக்சாந்தர் யன்னேயு காலத்துக் காசுகள் இருந்தன. ஆக, இயேசு காலத்து மக்கள் இறங்கிய குளம் அந்தத் தோட்டத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. கைடு காட்டியது அதைத்தான். புத்தகத்தில் இருக்கிற தொட்டி பைசாந்திய காலத்தைச் சேர்ந்தது. 5-ஆம் நூற்றாண்டில் யூடோக்கியா ராணி கட்டிய கோயில் அங்கே இருந்தது. பிளிஸ் தோண்டியபோது அதன் மிச்சங்களும் கிடைத்தன. யாத்திரிகர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கேதான் வந்து வேண்டினார்கள். அதனால் அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். ராபின்சன் 1838-ல் நாடா பிடித்து அளந்ததும் அந்தத் தொட்டியைத்தான். 53 அடி நீளம், 18 அடி அகலம் என்று குறித்து வைத்தார்.

பெரியப்பாவின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் திரும்பவில்லை? தொட்டியில் தூண் இருந்தது, தண்ணீர் இருந்தது, இறங்கி நிற்க ஆள் கிடைத்தது, கீழே எழுத ஒரு வசனமும் தயாராக இருந்தது. தோட்டத்தில் என்ன இருந்தது? நாலு மரம், மண். அளக்க வந்தவனுக்கு வசனம் தேவையில்லை. கரை இருந்தால் கரை, பள்ளம் இருந்தால் பள்ளம், உள்ளூர்க்காரன் சொன்ன பெயர் எதுவோ அது. எதற்கு உதவும் என்று தெரியாமலேயே எழுதிவைத்தான். விற்க வேண்டியவனுக்கு அது கட்டுப்படியாகாது.

வரைபடக்காரனும் யோக்கியனில்லை

இவ்வளவு சொல்லிவிட்டு வரைபடத்தை நியாயஸ்தனாக உட்கார வைக்க எனக்கு மனசில்லை. மதாபா எருசலேமில் ஆலய மலையைத் தேடிப் பாருங்கள். ஏரோதின் பிரம்மாண்டமான மேடை, ஊரின் ஆறில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கிற இடம். கிழக்கு மதிலோரம் ஒரு கீற்றாகச் சுருங்கிவிட்டது. பைசாந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அது இடிந்தே கிடக்க வேண்டிய இடம், ஆகவே அது அவர்கள் ஊரில் இல்லை. அதேபோல, கோண்டரும் கிட்சனரும் விவசாயிகளிடம் கேட்டுச் சேர்த்த பெயர்கள் ஏறக்குறைய 9,000. நன்றிக்குரிய வேலைதான். ஆனால் அந்தப் பெயர்கள் எதற்குத் தேவைப்பட்டன? அடியில் இருக்கிற வேதாகமப் பெயரைத் தேட. சர்வே செய்தவர்கள் ராணுவப் பொறியாளர்கள். அவர்கள் தொழிலுக்கு அந்த மலைப்பாதைகளும் கிணறுகளும் எதற்குப் பயன்படும் என்பதும் ரகசியமில்லை.

சீலோவாமுக்கே திரும்பினால், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இன்று சில்வான், பாலஸ்தீனர்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி. குளம் இருக்கும் இடத்தைத் தாவீதின் நகரம் என்ற பெயரில் நடத்துவது யூதக் குடியேற்றத்துக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு. அங்கே தோண்டுகிற ஒவ்வொரு சுரங்கத்தோடும் மேலே இருக்கிற வீட்டைப் பற்றிய வழக்கும் சேர்ந்தே போகிறது. புனிதப் பயண பஸ் அந்தத் தெருவில் பத்து நிமிடம் நிற்கும்போது இதைக் கைடு சொல்வதில்லை. பெரியப்பாவின் ஆல்பத்தில் இருந்த படங்களிலும் படிகள் இருந்தன, குழு இருந்தது. பின்னால் மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கொடியில் காயும் துணிகளும் இருந்தன. அவை தெரியாமல் எடுக்க முடியாத அளவுக்கு நெருக்கமான ஊர்.

அமெரிக்கன் காலனிக்கும் இந்தக் குளத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. 1880-ல் எசேக்கியாவின் சுரங்கத்துக்குள் தண்ணீரில் அளைந்துகொண்டு போன பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சுவரில் எழுத்து இருப்பதைக் கண்டான். சுரங்கத்தை இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் சீலோவாம் கல்வெட்டு அது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பையன் ஜேக்கப் எலியாகு. பிறகு ஸ்பாஃபோர்ட் குடும்பம் அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. ரூத்தை நடிக்கவைத்த அதே போட்டோக்காரர்கள் 1915-ல் வெட்டுக்கிளிகள் நாட்டை மொட்டையடித்தபோது ஓர் அத்திமரத்தை இலையோடும், இலை போன பிறகும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வெட்டுக்கிளிகளின் அழிவைச் சொல்லும் யோவேல் புத்தகத்தை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாதுதான். ஆனால் அந்தப் படத்துக்கு வசனம் தேவைப்படவில்லை, மரமே போதும். ஒரே கூடம், ஒரே கேமரா, அதனால் 'காலனிப் படங்கள்' என்று மொத்தமாகத் தூக்கிப்போடவும் என்னால் முடியவில்லை.

போட்டோவையும் வரைபடத்தையும் சேர்த்து வைத்தவர்கள் வியாபாரிகள்தான் என்பது வேடிக்கை. 1900 வாக்கில் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் என்ற அமெரிக்கக் கம்பெனி, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வைத்துப் பார்க்கிற ஸ்டீரியோஸ்கோப் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக விற்றது. புனித நாட்டுப் பெட்டியில் நூறு அட்டை. கூடவே ஒரு வரைபடமும் வரும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா நின்ற புள்ளியிலிருந்து இரண்டு சிவப்புக் கோடுகள் விரிந்து போகும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பதுதான் அட்டையில் தெரியும். விற்பதற்காகச் செய்த உத்தி, ஆனாலும் எனக்கு இது போதும். கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அதே தாளில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பழைய படம் எது கிடைத்தாலும், அது எங்கே நின்று எடுத்தது என்று அந்தக் காலத்து சர்வே தாளில் பென்சிலால் இரண்டு கோடு போட்டுப் பார்க்கிறேன். பாதிப் படங்களுக்கு மணிக்கூண்டு, மதில் என்று ஏதாவது பிடி கிடைக்கிறது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய சபைகளிலும் குருமனைகளிலும் இந்த மாதிரிக் கண்ணாடி ஸ்லைடுகளும் ஸ்டீரியோஸ்கோப் அட்டைகளும் படப் புத்தகங்களும் இன்னும் பீரோவுக்குள் கிடக்கலாம். மிஷனரிகள் மாயவிளக்கு வைத்துத் திரை கட்டிக் காட்டியவை. உங்கள் வீட்டிலோ சபையிலோ அப்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பின்பக்கத்தில் இருக்கிற எழுத்து, நம்பர், கம்பெனி முத்திரை, ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய காகிதம் எல்லாமே வேண்டும். படத்தின் விளிம்பு கறுத்துப் போயிருக்கிறது என்று தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.